வேந்தன் அளித்த பல்லக்கு

இலங்கைத் தீவை நாடி வந்த வழிப்போக்கர் பலர். சீனத்துப் பாஹியன் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து, ஈராண்டு தங்கிப் பௌத்த நூல்களைப் பெற்றுச் சென்றார். அவருக்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளின் பின் வந்தவர் மொறோக்கோ நாட்டு இபுனு பத்தூத்தா. 1304இல் தஞ்சியர் நகரிற் பிறந்து, 1325இல் மக்காவை நோக்கிப் புறப்பட்ட அவர், வீடு திரும்புமுன் உலகின் பெரும்பகுதியைக் கண்டுவிட்டார்.

1344இல் அவர் மாலைதீவிலிருந்து மாபாருக்குப் புறப்பட்டார். மதுரையைத் தலைநகராகக் கொண்ட முஸ்லிம் சுல்தான்களின் நாட்டையே அராபியர் மாபார் என்றனர். காற்றோ திசை மாறிக் கலத்தை இலங்கைப் பக்கம் ஒதுக்கியது. தொலைவில் ஒரு மலை, வானத்தில் எழுந்த புகைத்தூண்போல் தெரிந்தது. அதுவே சிவனொளிபாதமலை. கரையை ஆண்ட வேந்தனுக்கு அஞ்சிய மாலுமிகள் துறையை அணுகத் தயங்கினர். இபுனு பத்தூத்தாவோ, தாம் மாபார்ச் சுல்தானின் உறவினர் என்று கூறித் துணிந்து கரையிறங்கினார்.

அவர் இறங்கிய துறையை அறிஞர் புத்தளம் என்பர். அங்கிருந்த வேந்தன் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. பாரசீக மொழியை விளங்கிக்கொள்ள வல்லவன். வந்தவரை மூன்று நாள் விருந்தோம்பி, முத்துக்களும் அளித்தான். வேண்டுவதைக் கேட்கலாம் என்றபோது, விருந்தினர் பொன்னையோ மணியையோ கேட்டிலர். ஆதம் நபியின் பாதச்சுவட்டைத் தரிசிப்பதன்றி வேறு விருப்பம் தமக்கில்லை என்றார்.

இங்கேதான் வேந்தனின் பெருமை விளங்குகின்றது. சைவனாகிய அவன், வேற்றுச் சமயத்தவரின் யாத்திரைக்குத் தன் பல்லக்கைத் தந்தான். அதனைச் சுமக்க ஆட்களைத் தந்தான். வழித்துணையாக, ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், பரிவாரத்தார் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் ஆகியோரை அனுப்பினான். அவர் திரும்பும்வரை மாலுமியையும் தன் விருந்தினனாகவே இருத்திக்கொண்டான்.

மலையில் முன்னோர் படிகளைச் செதுக்கி, இரும்புச் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தனர். அவற்றைப் பற்றி ஏறினார் இபுனு பத்தூத்தா. உச்சியிலுள்ள சுவட்டைச் சைவர் சிவனுடையதென்பர், பௌத்தர் புத்தருடையதென்பர், முஸ்லிம்கள் ஆதத்தினுடையதென்பர். உரிமை பாராட்டுவோர் பலராயினும் படி ஒன்றே. ஒருகாலத்தில் முஸ்லிம் யாத்திரிகர் தடுக்கப்பட்டனர் என்றும், பிற்காலத்தில் அவர்களை மதித்து இல்லங்களில் தங்கவைத்தனர் என்றும் அவர் எழுதுவது கவனிக்கத்தக்கது. விருந்தோம்பல் தானாக வருவதன்று. மக்கள் பயின்று வளர்க்க வேண்டியது.

மலையிலிருந்து இறங்கி, தென்கோடியிலுள்ள தெவிநுவரையை அடைந்தார். அங்கிருந்த திருமால் கோயிலின் சிறப்பை வியந்து குறித்துள்ளார். அக்கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் அழித்தனர். எனவே, கோயில் சிறந்து விளங்கிய நாளில் அதனைக் கண்டவரின் சொல் நமக்கு அரிய சான்றாகின்றது. பின்பு காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் மீண்டார். பல்லாண்டு கழித்துத் தாய்நாட்டில் நினைவிலிருந்து சொல்லி எழுதுவித்த நூலாதலின், வரலாற்றாசிரியர் அதனை ஆராய்ந்தே ஏற்பர். எனினும், 14ஆம் நூற்றாண்டு ஆரியச்சக்கரவர்த்தியை நேரிற் கண்டு பேசிய ஒருவரின் கூற்று என்ற வகையில் அதற்கு ஈடில்லை.

1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல்கள் பயணிகளைத் திரளாகக் கொண்டுவந்தன. 1966இல் உல்லாசப் பிரயாணத் துறைக்கென அரசாங்கச் சபையொன்று அமைந்தது. இன்று வருவோரைத் தலைக்கணக்கில் எண்ணுகின்றோம். அவர் செலவிடும் பணத்தைக் கணக்கிடுகின்றோம். நாட்டுக்கு வருவாய் வேண்டுமென்பதை மறுப்பாரில்லை. ஆயின், வந்தவர் திரும்பிச் சென்று நம்மைப்பற்றி என்ன எழுதுவார் என்பதை எந்தக் கணக்கும் காட்டாது. ஆரியச்சக்கரவர்த்தி கட்டிய மாளிகை எதுவும் இபுனு பத்தூத்தாவின் நூலைப்போல் அவன் பெயரைக் காக்கவில்லை. அவன் அளித்த பல்லக்கு, அறுநூறு ஆண்டுகளைக் கடந்தும் அவன் புகழைச் சுமக்கின்றது.