இடைவெளி விழாத எண்: பத்திரப் பதிவும் சர்வரின் வரிசை எண்ணும்

தியாகதுருகம் பக்கம் ஒரு புஞ்சை கைமாறினால், பின்னாளில் எடுக்கும் வில்லங்கச் சான்றில் அந்தக் கிரயத்தை அடையாளம் காட்டுவது ‘1247/2023’ என்பது போன்ற ஓர் ஆவண எண். கடன் கொடுக்கும் வங்கியும் பாகப்பிரிவினை வழக்கை நடத்தும் வக்கீலும் முதலில் கேட்பது அதைத்தான். அந்த எண் எப்படி இருக்க வேண்டும் என்பதை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 53ஆம் பிரிவு விதித்திருக்கிறது: ஒவ்வொரு புத்தகத்திலும் பதிவுகள் தொடர்ச்சியாக எண்ணிடப்பட வேண்டும், ஆண்டு பிறந்ததும் புதுத் தொடர் தொடங்க வேண்டும். அசையாச் சொத்து ஆவணங்களுக்கு 1ஆம் புத்தகம், உயில்களுக்கு 3ஆம் புத்தகம்.

மென்பொருள் துறையின் பொதுப் புத்தி இதற்கு எதிரானது. எண் இரட்டிக்காமல் இருந்தால் போதும், இடைவெளி விழுந்தால் விழட்டும் என்பார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ‘சீக்வென்ஸ்’ எனும் வரிசை எண் வசதி அப்படித்தான் இயங்குகிறது: டிரான்சாக்‌ஷன் ரத்தானாலும் கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்காது. ஆரக்கிள் தரவுத்தளம் இயல்பாகவே 20 எண்களை நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொள்ளும். சர்வர் சடாரென நின்றால் மிச்சம் போனதுதான். ட்விட்டர் 2010இல் அறிவித்த ஸ்னோஃபிளேக் முறை 41 பிட் நேரம், 10 பிட் இயந்திரம், 12 பிட் வரிசை என்று எண்ணைக் கோத்தது. கோடிக்கணக்கான ட்வீட்களுக்கு அது பொருந்தும். பதிவுப் புத்தகத்துக்குப் பொருந்தாது. 1246ஐ அடுத்து 1248 நின்றால் நடுவில் ஒரு பத்திரம் உருவப்பட்டதோ என்ற ஐயம் எழும். இங்கே தொடர்ச்சியே சாட்சியம்.

இடைவெளியைத் தவிர்க்க, ஒருவர் எண் எடுக்கும்போது மற்றவரை நிறுத்தி வைக்கும் பூட்டு வேண்டும், பூட்டினால் வேகம் போகும் என்பது வழக்கமான மறுப்பு. கணக்குப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒரு சார்பதிவாளருக்கு நாளொன்றுக்கு 100 டோக்கன். முகூர்த்த நாட்களில் 150 வரை கூட்டித் தருகிறார்கள். ஏழு மணி நேரத்தில் 150 என்றால் ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒன்று. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனித் தொடர் என்பதால் ஓர் ஊர்க்காரர் இன்னோர் ஊர்க்காரருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மில்லிநொடிப் பூட்டு இங்கே ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் எண் எப்போது பிறக்கிறது என்பது பெரிய பொருட்டு. அலுவலகம், புத்தகம், ஆண்டு ஆகிய மூன்றின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் தரவுத்தளத்தில் ஒரு வரி வைத்து, அதில் கடைசி எண்ணை இருத்த வேண்டும். எண்ணைக் கூட்டுவதும் ஆவணத்தைப் பதிவதும் ஒரே டிரான்சாக்‌ஷனில் நடந்தால், ஒன்று ரத்தாகும்போது மற்றதும் ரத்தாகும். இருக்கிற எண்களில் பெரியதைத் தேடி ஒன்று கூட்டும் முறை கூடாது; இரு கவுண்டர்கள் ஒரே நொடியில் தேடினால் இருவருக்கும் 1247 கிடைக்கும். கைரேகை, புகைப்படம் எல்லாம் முடிந்த பிறகே பூட்டைத் தொட வேண்டும். விரல் ரேகை சிக்காத பெரியவர் ஒருவருக்காக எண் வரிசையே நின்றுவிடக் கூடாது. அதுவரை விண்ணப்பத்துக்கு வேறோர் அடையாளம் போதும், அதில் இடைவெளி விழலாம். 1908இன் சட்டமும் ஆவணம் தாக்கலாவதையும் அது பதிவுக்கு ஏற்கப்படுவதையும் வேறு வேறாகத்தான் வைத்திருக்கிறது. நிரலாளர்கள் தாமதமாகக் கண்டுபிடித்த பாடம் இது!

பதிவு முடிந்து, பதில் திரையை எட்டுமுன் இணைப்பு அறுந்தால் எழுத்தர் பொத்தானை மறுபடி அழுத்துவார். ஒரே பத்திரத்துக்கு இரண்டு எண். விண்ணப்ப அடையாளத்தின் மேல் ‘யுனிக்’ கட்டுப்பாடு இருந்தால் இரண்டாம் பதிவு மறுக்கப்படும்; அப்போது பழைய எண்ணையே தேடித் திருப்பித் தர வேண்டும். இதைவிடக் கொடியது, முதன்மைத் தரவுத்தளம் விழுந்து, சில நொடி பின்தங்கிய நகல் பொறுப்பேற்பது. அந்த நகலின் கணக்கில் கடைசி எண் 1246. 1247 அச்சாகி வாங்கியவர் கைக்குப் போயிருக்கும். அடுத்தவருக்கும் 1247தான். நகலும் எழுதிக்கொண்ட பிறகே ‘முடிந்தது’ என்று சொல்லும் அமைப்பு மட்டுமே இதைத் தடுக்கும். அதன் தாமதத்தை ஏற்கத்தான் வேண்டும்.

ஆண்டு மாற்றத்தில் இன்னொரு கண்ணி. சர்வர் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடினால், இங்கே ஜனவரி 1 காலை 5.30 வரை அங்கே பழைய ஆண்டுதான். அலுவலகம் அதன்பின்னரே திறப்பதால் பிழை வெளியே தெரியாது. நள்ளிரவில் ஓடும் தானியங்கி வேலையில்தான் அது சிக்கும். ஆண்டைக் கடிகாரத்திலிருந்து எடுக்காமல், இந்திய நேரத்தில் குறித்த பதிவுத் தேதியிலிருந்து எடுக்க வேண்டும்.