மரச்சீனியும் மக்ரோனியும்

பாஸ்தா, மக்ரோனி என்றாலே நம் வயதுக்காரர்கள் பலர், "அது பிள்ளைகள் தின்னுகிற சாமான்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நேற்று வந்த பண்டம் என்றும் நினைக்கிறார்கள். ஆனால் 1950-களிலேயே நம் மரச்சீனிக் கிழங்கில் மக்ரோனி செய்திருக்கிறார்கள். அந்தக் கதை மறந்துபோவதற்குள் எழுதிவைக்கிறேன்.

சிதறாலில் மரச்சீனியைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் அது நம் மண்ணில் பிறந்ததல்ல. தென் அமெரிக்காவில் பிறந்து, போர்த்துக்கீசியர் கப்பலில் இந்தியா வந்தது. திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. செடிகொடிகளில் ஆர்வம் மிக்கவர். கிழங்கில் விஷம் உண்டு என்று ஜனங்கள் பயந்தபோது, தம் உணவிலேயே சேர்த்துக் காட்டினார் என்றொரு கதை உண்டு. பயத்திலும் நியாயம் இருந்தது. வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டாமல் தின்றால் கெடுதல்தான்.

நம் மலையில் ஒன்பதாம் நூற்றாண்டில் சமண முனிவர்கள் இருந்தார்கள். தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்க்க இன்றும் வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மண்ணைத் தோண்டினால் உயிர்கள் சாகும் என்பதால் கிழங்கு வகைகளை விலக்குவது சமணர் நெறி. அவர்கள் இருந்த மலையின் அடிவாரத்திலேயே பிற்காலத்து ஜனங்கள் கிழங்கை நம்பிப் பிழைத்தார்கள்.

அந்தப் பிழைப்பு எவ்வளவு நெருக்கமானது என்பது இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. திருவிதாங்கூர் தன் தேவைக்குப் போதுமான நெல் விளைந்த நாடல்ல. பர்மா அரிசி கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அரிசி நின்றது. ரேஷன் வந்தது. காலையிலும் இரவிலும் கிழங்கு, கூட இருந்தால் மீன்கறி என்று நாட்களைத் தள்ளியவர்கள் நம் பெற்றோர் தலைமுறை. எண்பதைத் தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

கிழங்கு வயிற்றை நிறைக்கும். ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. கிழங்கை மட்டும் தின்று வளரும் பிள்ளைகள் மெலிந்துபோவார்கள். 1950-இல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இதைக் கையில் எடுத்தது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். அங்கே உருவானதுதான் மரச்சீனி மக்ரோனி. மரச்சீனி மாவு 60 பங்கு, எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவு 15 பங்கு, கோதுமை ரவை 25 பங்கு. இவற்றைப் பிசைந்து, துளையிட்ட தகட்டின் வழியே தள்ளி, நறுக்கி உலர்த்தினார்கள். அரிசிமணி வடிவத்திலும் செய்தார்கள். செயற்கை அரிசி என்ற பெயரும் வந்தது.

கணக்கு சரியாக இருந்தது. நோக்கமும் நல்லதுதான். ஆனால் அந்தப் பண்டம் நிலைக்கவில்லை. இன்று நம் கடைகளில் அது இல்லை. காரணத்தை யோசிக்கும்போது எனக்கு இத்தாலி நினைவுக்கு வருகிறது.

பாஸ்தாவை மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுபோனார் என்று சொல்வார்கள். நம் காயல் துறையைப் பற்றி எழுதிய அதே மார்க்கோ போலோதான். அவர் வெனிஸ் திரும்பியது 1295-இல். ஆனால் 1154-லேயே அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர், சிசிலித் தீவின் திராபியா என்ற ஊரில் மாவு இழைகளைச் செய்து கப்பல் கப்பலாக அனுப்புகிறார்கள் என்று எழுதிவிட்டார். 1279-இல் ஜெனோவாவில் எழுதப்பட்ட ஒரு சொத்துப் பட்டியலில் மக்ரோனி நிறைந்த ஒரு பெட்டியும் இருக்கிறது.

ஏழைகளின் சாப்பாடாக அது மாறியது நேப்பிள்ஸ் நகரத்தில், 17-ஆம் நூற்றாண்டில். ஜனம் பெருகியது, இறைச்சி எட்டாத விலைக்குப் போனது. மாவைப் பிழியும் இயந்திரம் வந்ததால் மக்ரோனி மலிந்தது. அதுவரை "கீரை தின்னிகள்" என்று கேலி செய்யப்பட்ட அந்த ஊர்க்காரர்கள் "மக்ரோனி தின்னிகள்" ஆனார்கள். தெருவோரக் கடையில் வாங்கி, தலையை அண்ணாந்து, கையாலேயே தின்றார்கள். தக்காளிச் சாறு அதில் சேர்ந்தது வெகு காலம் கழித்துத்தான்.

அங்கேயும் பஞ்சம், இங்கேயும் பஞ்சம். ஆனால் நேப்பிள்ஸில் யாரும் மக்ரோனியை ரொட்டிக்குப் பதில் என்று சொல்லி நீட்டவில்லை. அது தன் பெயரிலேயே வந்தது. நமக்கோ அரிசிக்குப் பதிலாக, அரிசியின் வேஷத்தில் வந்தது. தட்டில் அதைப் பார்க்கும்போதெல்லாம் இல்லாத சோறுதானே நினைவுக்கு வரும்? மரச்சீனி அப்படி வேஷம் போடவில்லை. கிழங்காகவே வந்தது, மீன்கறியோடு சேர்ந்தது, பஞ்சம் போன பிறகும் நம்மோடு இருக்கிறது. ஒரு சாப்பாடு நிலைப்பதற்குச் சத்து மட்டும் போதாது, மரியாதையும் வேண்டும் என்பது என் எண்ணம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். சேமியாவுக்குப் பிரெஞ்சில் 'வெர்மிசெல்' என்று பெயர். இத்தாலியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்குச் 'சிறு புழுக்கள்' என்று அர்த்தம். அர்த்தம் தெரிந்த பிறகும் எங்கள் வீட்டில் சேமியாப் பாயசம் மிஞ்சியதில்லை.

இப்போது பேரப்பிள்ளைகள் வரும்போது மக்ரோனி என் பொறுப்பு. சிரமமே இல்லை. 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியர் கணக்கு. தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே போட வேண்டும். குழையவிடக் கூடாது; கடித்தால் பல்லுக்குத் தெரிய வேண்டும். இன்னொரு அடுப்பில் எண்ணெயில் பூண்டைப் பொன்னிறமாக வதக்கி, வற்றல் மிளகாய் ஒன்றைக் கிள்ளிப் போட்டு, பழுத்த தக்காளியை மசியவிட்டால் போதும். வடிக்கும்போது வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்துவைத்துத் தக்காளியில் ஊற்ற வேண்டும். அதிலுள்ள மாவுச்சத்துதான் இரண்டையும் ஒட்டவைக்கும். என் மனைவி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கிழங்குத் தண்ணியைக் கொட்டணும், இதை வச்சுக்கணும். ரெண்டையும் மாத்திராதீங்க."

பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு அது எதற்கும் பதில் இல்லை, மக்ரோனி, அவ்வளவுதான். அந்த நேரத்தில் மைசூர்க் கதையையும் ரங்கூன் கதையையும் சொல்வேன். போன முறை பேத்தி கேட்டாள்: "தாத்தா, அந்தக் கிழங்கு மக்ரோனியை நம்ம வீட்ல செய்யலாமா?" மரச்சீனி தோட்டத்திலேயே இருக்கிறது. மாவு, கடலை, ரவை எல்லாம் கடையில் கிடைக்கும். இடியாப்பம் பிழியும் அச்சும் வீட்டில் உண்டு. 60, 15, 25 என்று நிறுத்துப் பார்த்துவிட வேண்டியதுதான்.