சின் ஜியூஷாவ் (சுமார் 1202–1261)

தென் சொங் அரசின் அதிகாரி, கணித அறிஞர்; சிச்சுவானில் பிறந்தவர். தாய் இறந்த துக்கத்துக்காகப் பணியிலிருந்து விலகியிருந்த காலத்தில், 1247-இல், 81 கணக்குகள் கொண்ட ‘ஒன்பது பிரிவுகளில் கணித நூல்’ என்பதை முடித்தார். பல வகுத்திகளால் வகுத்தால் வரும் மீதிகளிலிருந்து எண்ணைக் காணும் சீன மீதித் தேற்றத்தை இவர் பெயரோடு சேர்ப்பது சரிதானா? 3-ஆல் வகுத்தால் 2, 5-ஆல் வகுத்தால் 3, 7-ஆல் வகுத்தால் 2 மீதி வரும் எண்ணைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சுன்சி என்ற சீனக் கணித அறிஞரின் நூல் கேட்டுவிட்டது. அதன் விடை 23. ஆனால் சுன்சி 70, 21, 15 என்ற பெருக்கிகளைத் தந்தாரே தவிர, அவை எங்கிருந்து வந்தன என்று சொல்லவில்லை. சின் அதைத்தான் சொன்னார்: மற்ற இரு வகுத்திகளான 5, 7 ஆகியவற்றின் பெருக்கம் 35; அதை 3-ஆல் வகுத்தால் மீதி 2, மீதி 1 ஆக வேண்டுமானால் 35-ஐ 2-ஆல் பெருக்கு, 70 கிடைக்கும். எந்த வகுத்திக்கும் இந்தப் பெருக்கியைத் தொடர் வகுத்தலால் காணும் வழியை வகுத்தார். வகுத்திகளுக்குப் பொதுக் காரணி இருந்தாலும் விடவில்லை.

499-இலேயே ஆரியபட்டர் இத்தகைய மீதிக் கணக்குகளுக்கான குட்டக முறையைத் தந்துவிட்டாரே என்பது நியாயமான மறுப்பு. தொடர் வகுத்தல் இரண்டிலும் உண்டு, முன்னுரிமை ஆரியபட்டருக்கே. எனினும் பல வகுத்திகளை ஒருசேரக் கையாளும் அமைப்பு சின்னுடையது. நிறுவல் எதுவும் அவர் தரவில்லை. ஐரோப்பாவில் காவுஸ் 1801-இல்தான் இந்தத் தேற்றத்தை முறையாக விளக்கினார். சின் தம் நூலின் வட்டக் கோட்டைக் கணக்கொன்றில், முப்படிச் சமன்பாடே போதுமான இடத்தில், பத்தாம் படிச் சமன்பாட்டைக் கட்டி எண்குச்சிகளால் தீர்த்திருக்கிறார். திறமையைக் காட்டும் ஆசை என்றே தோன்றுகிறது. எழுத்தாளர் சோ மி எழுதிய குறிப்பு இவரைப் பேராசைக்காரராகவும் கொடியவராகவும் காட்டுகிறது. இறந்தது மெய்சோவில்.