ஐம்பது கசையடியும் ஒரு கப்பல் பயணமும்

1716 ஜூன் மாதம் புதுச்சேரிக் கடைத்தெருவில் ஊரே கூடி நிற்க ஒருவருக்கு ஐம்பது கசையடி கொடுத்தார்கள். அடிபட்டவர் திருடனோ வழிப்பறிக்காரனோ இல்லை. முந்தைய மாசி மாதம் வரை அந்தக் கடைத்தெருவே எழுந்து நின்று வழிவிட்ட நைனியப்ப பிள்ளை. பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் தலைமைத் தரகர். உள்ளூர் வழக்கில் சொன்னால் பெரிய துபாஷி.

தண்டனைக்குக் கடைத்தெருவைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் காரணம் இருந்தது. கோட்டைக்குள் அடித்தால் அடி மட்டும்தான் மிஞ்சும். கடைத்தெருவில் அடித்தால் அந்த மனிதர் பேரில் இருந்த நம்பிக்கையும் சேர்ந்து போகும். தரகு வியாபாரத்தில் நம்பிக்கையே முதல்.

இன்றைய புதுச்சேரியில் கடைத்தெரு என்றால் பெரிய மார்க்கெட். ஊரார் அப்படிச் சொல்கிற இடத்துக்குப் பலகையில் குபேர் மார்க்கெட் என்று பெயர். யூனியன் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயர் அது. ஆட்டோக்காரரிடம் குபேர் என்று சொல்வதைவிடப் பெரிய மார்க்கெட் என்று சொன்னால் வண்டி சீக்கிரம் கிளம்பும். ஒரு பக்கம் நேரு வீதி, மறுபக்கம் ரங்கப்பிள்ளை வீதி. உள்ளே பூக்கடை, காய்கறி, மீன் அங்காடி, நடுவில் மணிக்கூண்டு. 1761இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆகவே இன்றைய கட்டடங்களில் 1716ஐத் தேடிப் பயனில்லை. ஆனால் ரங்கப்பிள்ளை வீதி என்ற பெயர் நைனியப்பரின் கதையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. வீதிக்குப் பெயர் தந்த ஆனந்தரங்கப் பிள்ளை நைனியப்பருக்கு மருமகன் முறை. கசையடி விழுந்த ஆண்டில் அவருக்கு ஏழு வயது.

நைனியப்பர் சென்னைப் பக்கத்திலிருந்து வந்து புதுச்சேரியில் வேரூன்றியவர். 1708இல் தலைமைத் தரகரானார். கம்பெனிக்கு வேண்டிய துணி, பிரான்சுக்குப் போகும் கப்பல்களுக்கு ஏற்ற அளவிலும் தரத்திலும், நேரத்துக்கு வந்து சேர வேண்டும். அதற்கு ஊர் ஊராக நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்து வைக்க வேண்டும். கம்பெனியிடமோ பெரும்பாலும் பணம் இருக்காது. அப்போது தரகரின் பெயரைச் சொல்லித்தான் கடன் கிடைக்கும். கவர்னர் கையெழுத்துப் போட்டால் வராத சரக்கு நைனியப்பர் ஆளனுப்பினால் வரும். பதவியின் பலமும் ஆபத்தும் அதுதான்.

ஆபத்து வந்தது மதத்தின் வழியே. கம்பெனியின் தலைமைத் தரகர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்று சேசு சபைப் பாதிரியார்கள் வருஷக்கணக்கில் வற்புறுத்தி வந்தார்கள். மதம் மாறு, இல்லையேல் பதவியை விடு என்ற நெருக்கடி கைதுக்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. நைனியப்பர் இரண்டையும் செய்யவில்லை. கிறிஸ்தவ ஏழைகளுக்கு விருந்து வைத்து ஜெபமாலைகள் வழங்கினார் என்பதுகூட அவர் மேல் புகாரானது. இந்துவாக இருந்ததும் தப்பு, ஜெபமாலை கொடுத்ததும் தப்பு. 1715இல் இந்துக்களின் வழிபாட்டுக்குக் கட்டுப்பாடு போட முயன்றபோது தமிழர்கள் பெருங்கூட்டமாக ஊரை விட்டு வெளியேறினார்கள். அந்தக் கலகத்தைத் தூண்டியவர் இவர்தான் என்பது வழக்கின் மையக் குற்றச்சாட்டு.

கவர்னர் கியோம் ஆந்த்ரே எபேர் முதல்முறை பதவியில் இருந்தபோது (1708 முதல் 1713 வரை) இதே நைனியப்பரைத் தாங்கிப் பேசியவர். பதவி போய், 1715இல் திரும்பி வந்தபோது நிறம் மாறியிருந்தார். 1716 பிப்ரவரியில் நைனியப்பர் கைதாகிக் கோட்டையில் அடைக்கப்பட்டார். மைத்துனர் திருவேங்கடப் பிள்ளையும் நெருங்கிய கூட்டாளி ஒருவரும் கூடவே பிடிபட்டார்கள்.

விசாரணை நடந்த விதத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் குடும்பம் பிடித்த பிடி இங்கேதான் இருக்கிறது. நைனியப்பருக்குத் தமிழ் தெரியும். துறைமுகங்களின் வியாபார மொழியான போர்த்துகீசியமும் சரளம். பிரெஞ்சு தெரியாது. சாட்சிகள் பெரும்பாலும் தமிழில் மட்டுமே பேசுபவர்கள். அவர்கள் சொன்னது மொழிபெயர்ந்து பிரெஞ்சில் ஏடேறியது. தனக்குப் புரியாத தாளின் அடியில் சாட்சி கையெழுத்து வைத்தான். மொழிபெயர்த்த மனுவேல் யாரென்றால் சேசு சபையாரின் உபதேசியாருடைய மகன். அதாவது வழக்கு யாருக்கு வேண்டியதோ அவர்கள் வீட்டுப் பிள்ளையின் வாய் வழியாகத்தான் சாட்சியம் முழுவதும் நீதிபதிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

வக்கீல் கிடையாது. இதில் எபேரை மட்டும் குறை சொல்ல முடியாது. 1670இல் பதினான்காம் லூயி பிறப்பித்த குற்றவியல் சட்டமே, குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கறிஞர் துணையின்றித் தாமே பதில் சொல்ல வேண்டும் என்றது. பாரிஸ்காரனுக்கும் அதே கதிதான். ஆனால் பாரிஸ்காரனுக்கு நீதிபதி பேசுகிற மொழியாவது புரியும்.

தீர்ப்பு: கொடுங்கோன்மை, ராஜத்துரோகம். ஐம்பது கசையடி, மூன்று வருஷச் சிறை. நிலம், வீடு, நகை, யானை, ரொக்கம், சரக்கு எல்லாம் பறிமுதல். பிள்ளைகளுக்கு ஊர்விலக்கு. அவருடைய இடத்துக்குக் கிறிஸ்தவரான பேதுரு கனகராய முதலியார் வந்தார். 1717 ஆகஸ்டில் நைனியப்பர் சிறையிலேயே இறந்தார். எப்படி இறந்தார் என்பதில் சந்தேகம் கிளம்பி, கடைசி வரை தீரவில்லை.

வழக்கமாக இத்தோடு கதை முடிந்துவிடும். வீட்டுப் பெரியவர் போய்விட்டார், சொத்து போய்விட்டது, ஊரும் போய்விட்டது. மிச்சமிருக்கிற பெண்டு பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டு சென்னையில் புதிதாகக் கடை போடலாம். குருவப்பன், முத்தப்பன், வேங்கடாசலம் என்ற மூன்று பிள்ளைகளும் அப்படிச் செய்யவில்லை. இறந்துபோனவருக்கு மேல்முறையீடு செய்தார்கள்.

மனுக்கள் பிரெஞ்சில் போயின. எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். இந்தக் குடும்பத்தின் சாமர்த்தியம் இங்கேதான். எதிராளி வீட்டிலேயே எத்தனை பிளவு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. புதுச்சேரியில் கிறிஸ்தவக் குருமார் ஒரே அணியாக இல்லை. சேசு சபையாருக்கும் கப்புச்சின் சபையாருக்கும் நெடுநாள் பகை. பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபைக்கும் சேசு சபையாரைக் கண்டால் ஆகாது. இந்து ஒருவரின் நியாயத்துக்காகக் கத்தோலிக்கக் குருமார் கத்தோலிக்கக் குருமாரை எதிர்த்துப் பாரிசுக்குக் கடிதம் எழுதினார்கள். அப்போது இந்திய வியாபாரத்தைக் கம்பெனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்திருந்த சேன் மாலோ நகர வணிகர்களுக்கு வேறு கவலை. பெரிய துபாஷிக்கே கடைத்தெருவில் கசையடி என்றால், நாளை எந்தத் தமிழ் வியாபாரி புதுச்சேரியில் முதல் போடுவான்? அவர்களும் குடும்பத்தின் பக்கம் பேசினார்கள்.

மனுக்களின் வாதத்தில் அழுகையைவிட நடைமுறைச் சட்டம் அதிகம். எங்கள் தகப்பனார் நல்லவர் என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. சாட்சி என்ன சொன்னான், அதை யார் மொழிபெயர்த்தது, கையெழுத்து வைத்தவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று படித்துக் காட்டினார்களா, அவன் மொழியில் காட்டினார்களா என்று கேட்டார்கள். விசாரித்த நீதிபதியே அந்த வழக்கால் லாபமடைந்தவர் என்றார்கள். இன்றைக்கும் ஒரு நல்ல கிரிமினல் வக்கீல் குற்றப்பத்திரிகையைக் கையில் வாங்கியதும் இதே கேள்விகளைத்தான் கேட்பார். மறுவிசாரணைக்கு உத்தரவு வந்தது. பழைய சாட்சிகளைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டபோது பழைய சாட்சியம் நிற்கவில்லை. 1718இல் எபேரின் பதவி பறிபோனது. மறு ஆண்டு அவர் மகனோடு கைதியாகப் பிரான்சுக்குக் கப்பலேற்றப்பட்டார். 1720இல் நைனியப்பர் மேலிருந்த தீர்ப்பு ரத்தானது. வாரிசுகளுக்கு எபேர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவானது.

மூத்தவர் குருவப்பன் கடிதங்களை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. தாமே கப்பலேறிப் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். பதினைந்தாம் லூயி அப்போது சிறுவன். ஆட்சி ரீஜெண்டான ஓர்லேயான் கோமகன் ஃபிலிப்பின் கையில். அங்கே குருவப்பன் ஞானஸ்நானம் பெற்றார். ரீஜெண்டே ஞானத்தந்தையானார். புதுப் பெயர் ஷார்ல் ஃபிலிப் லூயி குருவப்பன். 1469இல் பதினோராம் லூயி ஏற்படுத்திய புனித மிக்கேல் விருதும், கூடவே செவாலியே பட்டமும் கிடைத்தன. ஊர்விலக்கம் செய்யப்பட்டவர் 1722இல் செவாலியே குருவ பிள்ளையாகப் புதுச்சேரியில் இறங்கி, தகப்பனார் இருந்த அதே தலைமைத் தரகர் பதவியில் அமர்ந்தார்.

தகப்பனார் எதைச் செய்ய மறுத்துச் சிறைக்குப் போனாரோ அதை மகன் செய்துதான் தகப்பனாரின் நாற்காலியைத் திரும்பப் பிடித்தார். துரோகம் என்பதா, தந்திரம் என்பதா? அப்படிக் கேட்பதே நம் காலத்துப் பார்வை. தகப்பனாரைக் கவிழ்த்த சேசு சபையாரைத் தொடாமல், அவர்களுக்கும் மேலே நின்ற ராஜகுடும்பத்தையே ஞானத்தந்தையாக்கிக்கொண்டார். புதுச்சேரியில் அதற்குப் பிறகு அவரை மதத்தைச் சொல்லி யார் அசைக்க முடியும்?

பிரான்சிலேயே இதற்கு இணையாகப் பேசப்படும் வழக்கு நாற்பது ஆண்டுகள் பின்னால் வருகிறது. துலூஸ் நகரத்து ஜவுளி வியாபாரி ஜான் கலாஸ் 1762 மார்ச்சில் சக்கரத்தில் கட்டி முறித்துக் கொல்லப்பட்டார். அவருடைய விதவை பாரிஸ் போய் மன்றாட, வோல்ட்டேர் பேனாவை எடுக்க, 1765 மார்ச்சில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. அங்கும் மதப்பகை, அங்கும் செத்தவருக்காகப் போராடிய குடும்பம். கலாஸ் வழக்கு உலகப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. நைனியப்பர் வழக்கைப் பற்றி வரலாற்றாசிரியர் டானா அக்மோன் முழு நூல் எழுதி வெளியிட்டது 2017இல்தான். அந்தக் காகிதக் கட்டுகள் இருப்பதும் பிரான்சில். பிரெஞ்சு வாசகங்களுக்குக் கீழே நைனியப்பரின் கையெழுத்து தமிழில் இருக்கிறது.

நம் காலத்தில் இதே பாட்டைப் பட்டவர் அற்புதம்மாள். 1991 ஜூனில் கைதான மகன் பேரறிவாளனுக்காக மனு, சிறை வாசல், கூட்டம், தலைவர் வீடு என்று ஏறி இறங்கி, 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்யும்வரை முப்பத்தொரு ஆண்டு அலைந்தார். அவருக்கு வக்கீல்கள் இருந்தார்கள். கைதானவரின் உறவினருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் 1996இல் கட்டாயமாக்கியது. பிறகு அது சட்டத்திலும் ஏறியது. நைனியப்பர் பிள்ளைகளுக்கு இதில் எதுவும் இல்லை. அவர்களிடம் இருந்தவை, அற்புதம்மாளிடம் இல்லாதவை: பணக்காரக் குடும்பத்தின் தொடர்புகள், அந்தத் துபாஷியை இழந்தால் நஷ்டம் என்று கணக்குப் பார்த்த வணிகர்கள். அதே கடைத்தெருவில் ஒரு நெசவாளியோ மீன்காரரோ அடிபட்டிருந்தால் பாரிசுக்கு ஒரு காகிதம்கூடப் போயிருக்காது. குடும்பத்தின் பாசத்தைப் புகழ்கிற எழுத்துகள் இதைச் சௌகரியமாக விட்டுவிடுகின்றன.

செவாலியே குருவ பிள்ளைக்கு நெடுங்காலம் அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. 1724இல் இறந்துபோனார். பதவி மறுபடி கனகராய முதலியாரிடமே போனது. குருவப்பனின் மனைவி பிறகு தன் உரிமையைக் கேட்டுப் பாரிசுக்குக் கடிதங்கள் எழுதினார். அவற்றில் அவர் பெயர் இல்லை. குருவப்பனின் விதவை என்று மட்டுமே இருக்கிறது. ஆண்கள் நடத்திய வழக்கைப் பற்றி இத்தனை தாள்கள் சேர்ந்த பிறகும், அந்த வீட்டுப் பெண்கள் நகையை எங்கே ஒளித்தார்கள், சிறையில் இருந்தவருக்குச் சோறு யார் அனுப்பினார்கள் என்பதற்கு ஒரு வரி இல்லை.

கைதாகி மீண்ட மைத்துனர் திருவேங்கடப் பிள்ளை புதுச்சேரியை விட்டுவிடவில்லை. 1726இல் அவர் இறந்தபின் மகன் ஆனந்தரங்கர் தலையெடுத்தார். ரங்கப்பிள்ளை வீதியில், மார்க்கெட்டின் கூச்சல் கேட்கிற தொலைவில், அவர் வீடு இன்னும் நிற்கிறது. கீழே செதுக்கிய மரத்தூண்கள், தமிழ் வீடு. மேலே சுதைத் தூண்கள், ஐரோப்பியப் பாணி. 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் கண் மூடும் காலம் வரை எழுதினார். யார் கவர்னரிடம் என்ன சொன்னார்கள், யார் யாருக்கு லஞ்சம் கொடுத்தார்கள், எந்தப் பாதிரியார் எங்கே உட்கார்ந்து என்ன பேசினார் என்று நாள், கிழமை, நாழிகையோடு குறித்து வைத்தார். வாய்ச்சொல் மொழிபெயர்ந்து ஏடேறி ஒரு மாமனைச் சிறையில் சாகவிட்டதைக் கண்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை, கேட்டதை எல்லாம் தன் மொழியில் தன் கையால் எழுதி வைத்தது வெறும் பொழுதுபோக்கு என்று நம்புவது கஷ்டம்.

1746இல் கனகராய முதலியார் இறந்ததும் அந்த நாற்காலிக்கு மறுபடி போட்டி வந்தது. கிறிஸ்தவருக்கே கொடுக்க வேண்டும் என்ற பழைய குரலும் திரும்பக் கேட்டது. 1747இல் கவர்னர் துய்ப்ளேக்ஸ் ஆனந்தரங்கரைத் தலைமைத் துபாஷியாக நியமித்தார். அவர் மதம் மாறவில்லை.