பேய்ப் படமும் பெரியோர் அச்சமும்

பேய்க்கதை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகஞ்சுளிக்கும் அன்பர்கள் இப்பகுதியைப் படிப்போருள் பலர் உளர். அச்சுளிப்புக்குக் காரணம் உண்டு. காய்ச்சல் கண்ட பிள்ளையை மருத்துவரிடம் கொண்டு செல்லாமல், முனி அடித்துவிட்டதென்று மந்திரிப்பவனிடம் கொண்டு சென்ற கொடுமையைத் தோட்டத்து மக்கள் அறிவார்கள். பேய்க்குப் பஞ்சமுள்ள ஊருமன்று நமது பினாங்கு. ஏழாம் மாதத்தில் சீனர் பசித்த பேய்களுக்குப் படையலிடுவர். மலாய்க்காரர் பொந்தியானாக்கைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லுவர். ஆகவே, சௌரஸ்தா சந்தையின் மாடியிலுள்ள பழைய புத்தகக் கடையொன்றில் அமெரிக்கப் பேய்ச் சித்திரக்கதைகளின் மறுபதிப்புத் தொகுதி ஒன்றை நாம் விலைக்கு வாங்கியபொழுது, “கிராணியாருக்கு இதுவும் வேண்டுமா?” என்று உடன் வந்த நண்பர் நகைத்ததில் வியப்பில்லை. படித்தபின் தோன்றியவற்றை, அக்கதைகளுக்கு நேர்ந்த கதியோடு சேர்த்து ஈண்டு உரைப்போம்.

நியூயார்க் நகரில் வில்லியம் கெய்ன்ஸ் என்பார், தந்தையார் விட்டுச் சென்ற ‘ஈ.ஸி.’ நிறுவனத்தின் வாயிலாக 1950ஆம் ஆண்டில் மூன்று பேய் இதழ்களைத் தொடங்கினார். அவற்றுள் பெரும்பெயர் பெற்றது ‘டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்’. விலை பத்து சென்ட். கல்லறைக் காவலன், நிலவறைக் காவலன், கிழட்டுச் சூனியக்காரி ஆகிய மூவருள் ஒருவர் கதை சொல்லுவதாக அமைப்பு. விக்கிரமாதித்தன் தோளிலேறிய வேதாளத்தை அறிந்த நமக்கு இம்முறை புதிதன்று. ஆனால், நம் வேதாளம் கதை முடிந்ததும் நியாயம் கேட்கும். விடை சொல்லத் தெரிந்தும் சொல்லாதிருந்தால் தலை வெடிக்கும். சூனியக்காரியோ எவரையும் கேட்பதில்லை. தீயவன் தண்டனை அடைந்ததும் ஒரு சிலேடை சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறாள்.

நம் நினைவை விட்டு அகலாத கதை, 1955இல் வெளிவந்த கடைசி இதழிலுள்ள கண்ணற்றோர் விடுதிக் கதையாகும். அவ்விடுதியின் தலைவன் தான் மட்டும் நன்றாக உண்டு கதகதப்பான அறையில் வாழ்கிறான். கண்ணற்றோருக்குக் கிடைப்பன கெட்ட உணவும் குளிருமே. முறையிட வருவோரை மிரட்ட ஒரு நாயும் வைத்திருக்கிறான். முடிவில் அவர்கள் அவனைப் பிடித்து அடைத்து, நாயையும் பட்டினி போட்டுவிட்டு, சவரத்தகடுகள் பதித்த குறுகிய சந்தொன்றைக் கட்டி அதனூடே அவனை ஓடவிடுகிறார்கள். பின்பு விளக்கு அணைகிறது. இக்கதையில் பேய் ஏது? அரிசியும் சாவியும் ஒரே கையிலிருந்தால் என்னவாகும் என்பதைத் தொழில் முறையில் அறிந்தவராகையால், அத்தலைவனின் முகம் நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

எல்லாக் கதைகளும் இத்தரத்தன என்று சொல்லோம். கொன்றவனின் உடலுறுப்புக்களையே பந்தும் மட்டையுமாக்கி ஆடும் கதையொன்று உண்டு. அதை எந்தப் பிள்ளைக்கும் நாம் கொடுக்க மாட்டோம். வெட்டுண்ட பெண் தலையைக் கையில் தூக்கிப் பிடித்த அட்டைப்படமொன்றை, 1954 ஏப்ரல் 21ஆம் தேதி அமெரிக்க மேற்சபை விசாரணைக் குழுவினர் கெய்ன்ஸின் முன் வைத்து, இது நல்ல ரசனைதானா என்று கேட்டனர். பேய் இதழின் அட்டைக்கு நல்ல ரசனையே என்று அவர் விடையளித்தார். அவ்விடையே அவருக்கு எமனாயிற்று.

நிற்க. குற்றஞ்சாட்டியவர் கொடியவர் அல்லர் என்பதே இவ்வரலாற்றின் விந்தை. டாக்டர் பிரெடெரிக் வெர்த்தம், நியூயார்க்கின் ஹார்லெமில் ஏழைக் கறுப்பின மக்களுக்காக 1946இல் மனநோய் மருத்துவ நிலையம் தொடங்கியவர். நிறவாரியாகப் பள்ளிகளைப் பிரித்ததால் பிள்ளைகள் உளம் நொந்ததென நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர். அத்தகையவரே 1954இல் நூலொன்று எழுதி, சித்திரக்கதைகளால் சிறுவர் கெடுகிறார்கள் என்றார். அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்த பேராசிரியை கரோல் டில்லி, சிறுவர்கள் சொன்னவற்றை அவர் பல இடங்களில் மாற்றியும் கூட்டியும் குறைத்தும் எழுதியிருந்தார் என 2012இல் எடுத்துக் காட்டினார்.

கடல் கடந்து பிரிட்டனிலும் இவ்வச்சம் பரவியது. 1954 செப்டம்பரில் கிளாஸ்கோ நகரின் கோர்பல்ஸ் பகுதியில், நூற்றுக்கணக்கான சிறுவர் கத்தியும் கூர்த்த கோலும் ஏந்தி இடுகாடொன்றில் புகுந்தனர். ஏழடி உயரமும் இரும்புப் பற்களும் கொண்ட இரத்தக்காட்டேரி இரு பையன்களைத் தின்றுவிட்டதாம்! காணாமற்போன பையன் எவனும் இல்லை. பழி அமெரிக்கச் சித்திரக்கதைகள் மீது விழுந்தது. 1955இல் சட்டமே பிறந்தது.  இரும்புப்பல் மிருகமோ விவிலியத்துத் தானியேல் ஆகமத்தில் இருந்தது. தூங்காத பிள்ளைகளை மிரட்ட ஸ்காட்லாந்துத் தாய்மார் அழைக்கும் இரும்புப்பல் கிழவியும் இருந்தாள். நம் வீடுகளில் பூச்சாண்டி இருப்பது போலத்தான்.

அமெரிக்காவில் 1954 அக்டோபரில் பதிப்பாளர்களே கூடித் தணிக்கை விதிகளை வகுத்தனர். காட்டேரி, நடைப்பிணம், ஓநாய் மனிதன் யாவும் விலக்கப்பட்டன. எந்த இனத்தையும் இழிவு செய்யலாகாதென்றும் அவ்விதிகளில் எழுதியிருந்தனர். அந்த விதி எவ்வாறு காக்கப்பட்டதென்று பாருங்கள். ஈ.ஸி. நிறுவனம் 1953இல் வெளியிட்ட ஓர் விண்வெளிக் கதையில், இயந்திர மனிதர் வாழும் கோளொன்றைச் சோதிக்கப் பூவுலகிலிருந்து ஒருவர் செல்கிறார். அங்கே ஆரஞ்சு நிறத்தோர் மேல், நீல நிறத்தோர் கீழ். இருவரும் ஒரே விதமான பொறிகளால் ஆனவர்கள். மேற்பூச்சு மட்டுமே வேறு. உங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று சொல்லித் திரும்பும் அவர், கப்பலில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் கறுப்பினத்தவர்.

பேயில்லை, இரத்தமில்லை. ஆயினும் 1956ஆம் ஆண்டு இதழுக்காக அக்கதையை மீண்டும் வெளியிட முயன்றபோது, தணிக்கைத் தலைவர் அம்முகம் கறுப்பாக இருக்கக்கூடாது என்றார். ஆசிரியர் ஃபெல்ட்ஸ்டீன், கதையே அம்முகந்தானே என்று வாதாடினார். அப்படியாயின் முகத்து வியர்வைத் துளிகளையாவது அழியுங்கள் என்று பதில் வந்தது. கெய்ன்ஸ் சினந்து மறுத்து, ஒரு புள்ளியும் மாற்றாமல் அச்சிட்டார். அவ்விதழே அவர் வெளியிட்ட கடைசிச் சித்திரக்கதை இதழாயிற்று. அதன்பின் அவருக்கு எஞ்சியது ‘மேட்’ என்னும் நகைச்சுவைப் பத்திரிகையே. ஓவியர் ஜோ ஒர்லாண்டோ தீட்டிய கடைசிக் கட்டத்தில், அவ்வியர்வைத் துளிகள் கரிய முகத்தின்மேல் தொலைவிலுள்ள விண்மீன்களைப்போல் மின்னுகின்றன.