கேப்சர் கார்டு: கணினி ஹேங் ஆவதும் சரிசெய்வதும்

கேமரா, விசிஆர் போன்றவற்றிலிருந்து வரும் படத்தையும் ஒலியையும் கணினியில் கோப்பாகப் பதியும் கருவி கேப்சர் கார்டு. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினி அசையாமல் நின்றுவிடுவது இதில் அடிக்கடி வரும் கோளாறு. பழைய கேசட்டுகளைப் பென் டிரைவுக்கு மாற்றுபவர்கள் பலருக்கும் இது பழக்கமான தலைவலி.

சேலம் செவ்வாய்ப்பேட்டை போன்ற பழைய பேட்டைகளின் வீடுகளில் 1980, 90களில் எடுத்த கல்யாணமும் ஆடிப் பண்டிகையும் விஎச்எஸ் கேசட்டுகளாக இன்னும் பரணில் கிடக்கின்றன. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் விசிஆர் தயாரிப்பை நிறுத்திய பிறகு புது விசிஆர் கிடைப்பதில்லை. நாடாவோ ஓட ஓடத் தேயும். பூஞ்சை பிடித்திருந்தால் சிக்கி அறுந்தும் போகும். ஆகவே ஹேங் ஆகும் கணினியைச் சோதிக்கக் கல்யாணக் கேசட்டைப் போடவே கூடாது. கடையில் வாங்கிய சினிமா கேசட்டும் சரிவராது: அவற்றில் சிலவற்றில் மேக்ரோவிஷன் என்ற நகல்தடுப்பு இருக்கும், படம் வெளுத்தும் இருண்டும் மாறி, கார்டையே குழப்பும். டிவியிலிருந்து பதிவு செய்த, தேவையற்ற கேசட் ஒன்று போதும்.

நின்றது எது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். கீபோர்டில் கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது. பதிவு மென்பொருளோ திரைக்கான டிரைவரோதான் சிக்கியிருக்கிறது. விளக்கு மாறவே இல்லையென்றால் சிக்கல் அடிமட்டத்தில், டிரைவரிலோ வன்பொருளிலோ இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்த கேள்வி, எப்போது நிற்கிறது என்பது. நோய் பெரும்பாலும் இதிலேயே வெளிப்பட்டுவிடும். கார்டை மாற்றக் கடைக்கு ஓடுவதற்கு முன் இதைக் குறித்துவைப்பது நல்லது. நாடாவின் அதே இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றால், அங்கே சிக்னல் அறுந்திருக்கிறது. பதிவில்லாத வெற்று நாடாவிலும் கசங்கிய இடத்திலும் ஒத்திசைவுத் துடிப்பு காணாமல் போகும். மலிவான யுஎஸ்பி கார்டுகளின் டிரைவர்கள் பல அதைத் தாங்காமல் மென்பொருளோடு சேர்ந்து நின்றுவிடும். டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவியை நடுவில் வைத்தால் துடிப்பு சீராகும். அது கிடைக்காதபோது சில டிவிடி ரெக்கார்டர்கள் வழியாகச் சிக்னலைக் கொண்டுபோவதும் உதவும்.

எந்த இடத்திலிருந்து ஓட்டினாலும் தொடங்கி ஒரே நேரம் கழித்து நின்றால், நாடாவை விட்டுவிட்டு டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். பால் (PAL) முறைப் படம் 720×576 புள்ளிகள், நொடிக்கு 25 பிரேம். சுருக்காமல் பதிந்தால் நொடிக்குச் சுமார் 21 எம்பி, மணிக்கு 75 ஜிபி. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மூன்றரை நிமிடத்துக்குள் கதை முடிந்துவிடும். டிஜிட்டல் வீடியோ (DV) வடிவில் மணிக்கு 13 ஜிபிதான். அங்கே இருபது நிமிடத்தில் நிற்கும். இரண்டுக்கும் மருந்து என்டிஎஃப்எஸ். மலிவான எஸ்எஸ்டிகளில் வேகமான கேஷ் பகுதி நிரம்பியதும் எழுதும் வேகம் சட்டென்று விழும்; அதுவும் இதே தோற்றத்தைத் தரும். நேரம் ஏறக்குறைய ஒத்து, வெயில் நாளில் முன்னதாகவே நின்றால் சூட்டைச் சந்தேகிக்கலாம். சேலத்துக் கோடையில் தூசி அடைத்த ஃபேனுடன் மணிக்கணக்கில் பதிவு ஓட்டுவது சாதாரணச் சுமையல்ல.

நிற்கும் நேரத்துக்கு ஒழுங்கே இல்லையென்றால் இணைப்பும் டிரைவரும்தான் முதல் சந்தேகம். யுஎஸ்பி கார்டை ஹப்பில் செருகாமல் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருக வேண்டும். வெளி டிஸ்க் அதே கன்ட்ரோலரைப் பங்கிடக் கூடாது. பவர் அமைப்பில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைக்கவும். எச்டிஎம்ஐ கார்டுகளில் பாதையின் அகலமும் முக்கியம்: நொடிக்கு 60 பிரேம் முழு எச்டி படம் சுருக்காமல் வந்தால் நொடிக்குச் சுமார் 250 எம்பி ஆகும். யுஎஸ்பி 2.0 காகிதக் கணக்கிலேயே 60 எம்பிதான். அதனால் மலிவான யுஎஸ்பி குச்சிகள் படத்தைச் சுருக்கி அனுப்புகின்றன. அதைப் பிரிக்கும் சுமை கணினியின் பிராசசர் தலையில் விழுகிறது.

பழைய பிசிஐ கார்டுகளின் கதை வேறு. 1990களின் பிற்பகுதியில் பரவிய பிடி848, பிடி878 சிப்புகள் பிராசசரைக் கேட்காமல் நேராக நினைவகத்தில் எழுதும். மதர்போர்டு சிப்செட் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் முழுக் கணினியும் உறையும். சில இன்டெல், வியா, சிஸ் சிப்செட்டுகளுக்காகவே பிடி878இல் தனி இணக்க நிலைகள் வைக்கப்பட்டன. கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றியதும் சரியான சம்பவங்கள் ஏராளம். பக்கத்துக் கார்டோடு ஐஆர்கியூ பங்கிட்டதே அதற்குப் பொதுவான காரணம்.

விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைக் கண்டு பலர் பவர் சப்ளையை மாற்றிவிடுகிறார்கள். கணினி முறைப்படி ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அது பெரும்பாலும் வேறெதையும் சொல்வதில்லை. அதற்குச் சற்று முன்னால் உள்ள வரிகளே பயனுள்ளவை: 129, 153 எண்கள் டிஸ்க் இணைப்பையும், வீயா-லாகர் என்ற பெயர் வன்பொருள் பிழையையும் காட்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சோதனைக் கேசட்டை முழு நீளத்துக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும். பிரேம் எதுவும் விடுபடாமல் கடைசிவரை பதிந்தால் கல்யாணக் கேசட்டைப் போடலாம்.