பழைய வாக்கியமும் பொது நாளும்

1829ஆம் ஆண்டு மார்ச் மாதச் சந்திர கிரகணம் வட்டுக்கோட்டையில் ஒரு வழக்கைத் தீர்த்துவிட்டதாக அமெரிக்க மிசனரிமார் கருதினர். அவ்வூர்ச் சோதிடர் விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்பும், செமினரி அதிபர் டானியல் பூவர் ஐரோப்பிய முறைப்படி பெற்ற கணிப்பும் வேறுபட்டிருந்தன. வானம் பூவரின் பக்கமே சான்று பகர்ந்தது. எனினும் யாழ்ப்பாணம் வாக்கிய பஞ்சாங்கத்தைக் கைவிடவில்லை. இதனைப் பழைமைப் பற்றென ஒதுக்குவது எளிது. அது போதிய விளக்கமாகாது.

ஒல்லாந்தர் ஆட்சி தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த 1667இல் அராலி இராமலிங்க முனிவர் பஞ்சாங்கம் கணித்தார் என்பது யாழ்ப்பாணத்து மரபு. அவர் வழிவந்த கணிதத்தின் அடிப்படை, வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்களாகும். சந்திரன் தன் அண்மைநிலையை ஒன்பது முறை எய்துவதற்கு ஏறத்தாழ 248 நாட்கள் செல்லும். அந்நாட்களுக்குரிய சந்திர நிலைகளை எழுத்தால் எண் குறிக்கும் முறையில் வாக்கியங்களாக்கி மனனஞ் செய்தனர். எஞ்சும் சிறு பிழையை 3031 நாள், 12372 நாள் என்னும் பெருஞ்சுற்றுக்களால் திருத்தினர். கருவியும் நூலகமும் இல்லாத சிற்றூரில், நினைவையும் சோழிகளையுங் கொண்டே கிரகணங் கணிக்கலாம். 1825இல் வாரன் என்னும் ஆங்கில அதிகாரி புதுச்சேரியில் இதனை நேரிற் கண்டு பதிவு செய்துள்ளார்.

இம்முறையின் குறையும் தெளிவானதே. ஞாயிற்றின் ஈர்ப்பினால் சந்திரகதியில் விளையும் மாறுதலை அது தனியே கொள்வதில்லை. ஆதலின் பூரணை, அமாவாசைகளை அண்டிப் பிழை சுருங்கும். அட்டமியை அண்டிப் பல நாழிகையாகப் பெருகும். ஆண்டின் அளவும் மெய்யான நட்சத்திர ஆண்டினும் மூன்று நிமிடத்துக்குச் சற்று மிகுதி. சென்னை வானோக்கு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரியார் 19ஆம் நூற்றாண்டிலேயே திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டமைக்கு இத்தகைய குறைகளே காரணம்.

அவ்வாறாயின் திருத்தத்தை ஏன் ஏற்கவில்லை? திதி முடிவு சூரியோதயத்தை அண்டி அமையுங்கால், சில நாழிகை வேறுபாடும் ஏகாதசியை மறுநாளுக்குத் தள்ளும். ஓர் ஆலயம் மட்டும் திருத்திய கணக்கைக் கைக்கொண்டால் அயலூர் ஆலயத்தோடு விரதநாள் முரண்படும். சிராத்தத்துக்குக் கூடும் உறவினர் இரு நாட்களிற் பிரிவர். குருக்கள், நாதசுரக்காரர், பூக்கட்டுவோர் அனைவரின் ஒழுங்கும் குலையும். தனியொருவர் திருத்தம் செய்வதற்கு இங்கு இடமில்லை. எல்லோரும் ஒருங்கே மாறவேண்டும், அன்றேல் எல்லோரும் நிற்கவேண்டும். இன்று கணினி நிரல் எழுதுவோர் இவ்விக்கட்டை நன்கறிவர். பலர் பகிர்ந்து கையாளும் நிரற்றொகுதிகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கையில், புதிய பதிப்பு சிறந்ததாயினும் ஏனையவற்றோடு இசையாவிடின் பழைய பதிப்பையே அவர்கள் தெரிந்தெடுப்பர்.

ஆனால் இந்த இசைவுக்கு விலையுண்டு. ஆண்டுதோறும் சேரும் பிழை தானாகக் கழிவதில்லை. மேகநாத சாகா தலைமையில் 1952இல் அமைந்த இந்தியக் குழு புதுக்கணிதத்தையே பரிந்துரைத்தது. அஃது ஈழத்தைக் கட்டுப்படுத்தவில்லை. இங்கு திருக்கணிதமும் அச்சேறி வழங்குகின்றது. ஆலயங்கள் பலவும் வாக்கியத்தையே பின்பற்றுகின்றன. சித்திரை வருடப்பிறப்பன்று இரண்டு புண்ணிய காலங்களையும் பத்திரிகைகள் அருகருகே அச்சிடுகின்றன. மருத்துநீர் வைக்கும் நேரத்தைக் குடும்பத்து மூத்தோரே முடிவு செய்கின்றனர்.